பரண் மேல இருக்கிற அந்தப் பச்சை ஜாடி

சுகர், பிரஷர் பத்தி ஏதாவது எழுதியிருப்பேன்னு வந்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். இன்னைக்குப் பழைய மண்பாண்டம் பத்தி ஒரு நீளமான த்ரெட். பொழுதுபோக்கு மாதிரி ஆரம்பிக்கும், முடியறப்போ உங்க வீட்டு அடுப்படியில வந்து நிக்கும். அதனால பாதியில விட்டுடாம படிங்க.

எனக்குப் பழைய ஜாடி, பானை, கூஜா சேர்க்கிற பழக்கம் உண்டு. பள்ளிகொண்டாவுக்கு வேலைக்கு வந்த பிறகு தொத்திக்கிட்ட பழக்கம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில போறவங்களுக்கு எங்க ஊர்னா டோல்கேட். கோயிலுக்கு வர்றவங்களுக்குப் பாலாத்தங்கரையில படுத்திருக்கிற ரங்கநாதர். எனக்கு இது வேலூர், குடியாத்தம், ஆம்பூர்னு மூணு ஊர்ப் பழைய வீட்டுச் சாமானும் கைக்கு எட்டுற இடம்.

இந்தப் பக்கம் தோல் ஷாப்பு, ஷூ கம்பெனி வருமானத்துல ஓட்டு வீட்டைப் பிரிச்சு மாடி கட்டறது வருஷம் முழுக்க நடக்கும். வீட்டைப் பிரிக்கிற அன்னைக்குத் தேக்குக் கதவையும் தூணையும் போட்டி போட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. பித்தளை, செம்பு எடைக்குப் போயிடும். மண்ணும் பீங்கானும் மட்டும் கேக்க ஆளில்லாம சுவத்தோரமா நிக்கும். பழைய இரும்புக் கடைக்காரருக்குக்கூட அது வேண்டாம், எடைக்கு ஆகாது. அங்கேதான் நான் போய் நிப்பேன். "டாக்டரம்மா, இந்த ஓட்டை ஜாடியை வச்சிகினு இன்னா பண்ணப் போற?"ன்னு கேட்டுக்கிட்டே கொடுத்துடுவாங்க. இப்போ வீட்டுல 40க்கு மேல இருக்கு. வீட்டுக்காரர் எண்றதை நிறுத்திட்டார்.

எங்க பக்கத்து மண்பாண்டத்துக்குன்னு தனியா ஒரு பேர் இருக்கு. 1989 வரைக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாமே ஒரே வட ஆற்காடு மாவட்டம். அந்த மாவட்டத்துல காட்பாடியை ஒட்டின கரிகிரி, மெருகு போட்ட மண்பாண்டத்துக்குப் பேர் போன கிராமம். பச்சையும் பழுப்புமா பளபளன்னு இருக்கும்.

மருத்துவம் படிச்சவங்களுக்குக் கரிகிரின்னா வேற ஒண்ணு ஞாபகம் வரும். 1955ல தொடங்கின ஷெஃப்லின் தொழுநோய் மையம் அங்கதான் இருக்கு. வேலூர் சிஎம்சியில டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால மடங்கிப்போன விரல்களுக்கு அறுவை சிகிச்சை பண்ணி நிமிர்த்தின காலத்துல, அந்தப் பணியோட சேர்ந்து வளர்ந்த இடம். தொழுநோய்ல கையை அழிக்கிறது பெரும்பாலும் கிருமி நேரடியா இல்ல. உணர்ச்சி போன கை, சூடான டம்ளரை வலியில்லாம பிடிச்சுக்கிட்டே இருக்கும். வலிக்காததால புண் பெருசாகும். வலி இல்லாத சேதம்தான் மோசமான சேதம்னு எங்களுக்குச் சொல்லித் தந்த ஊர் அது. இதைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

பழைய பானையில என்ன அப்படிப் பார்க்க இருக்குன்னு கேக்கறீங்களா? அடுத்த தடவை ஒண்ணு கையில கிடைச்சா, வெளியே பார்க்காதீங்க. உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்க. சக்கரம் சுத்தறப்போ குயவரோட விரல் ஏறின தடம் அடியிலிருந்து வாய் வரைக்கும் சுருள் சுருளா இருக்கும். அச்சுல வார்த்த ஜாடின்னா உள்பக்கம் வழவழன்னு இருக்கும், பக்கவாட்டுல ஒட்டுக் கோடு தெரியும். என் கிட்ட இருக்கிற ஒரு கூஜாவுல கைப்பிடி ஒட்டின இடத்துல ஒரு கட்டைவிரல் ரேகையே பதிஞ்சிருக்கு. யாருடையதுன்னு யாருக்கும் தெரியாது. சூளையில வெந்துட்டதால அழியவும் அழியாது.

நிறத்துலயும் ஒரு விஷயம் இருக்கு. சிவப்புப் பானையும் கருப்புப் பானையும் ஒரே மண்ணுல செய்ய முடியும். மண்ணுல இருக்கிற இரும்புக்குச் சூளையில காத்து நல்லா கிடைச்சா சிவக்கும். புகை மூட்டத்துல காத்து கிடைக்கலன்னா கறுக்கும். நம்ம ரத்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான், ஆக்ஸிஜன் ஏறினா பளிச்சுனு சிவப்பு, இறங்கினா கருஞ்சிவப்பு. ரெண்டுலயும் வேலை செய்யறது இரும்பு. திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில 1960கள்ல இந்தியத் தொல்லியல் துறை தோண்டினப்போ, பெருங்கற்காலத்துக் கருப்பு-சிவப்புப் பானைகள் கிடைச்சது. ஒரே பானையில ரெண்டு நிறத்தையும் கொண்டுவரத் தெரிஞ்சவங்க நம்ம பக்கத்துல அப்பவே இருந்திருக்காங்க.

சேர்க்கணும்னு ஆசை வந்தவங்களுக்கு இங்கேயே ஒரு சட்ட எச்சரிக்கை. கிணறு தோண்டறப்போ, ஏரி தூர் வாரறப்போ முதுமக்கள் தாழியோ பழைய பானையோ கிடைச்சா வீட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்க. 1878ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில இருக்கு, வருவாய்த் துறைக்குத் தகவல் சொல்லணும். 100 வருஷத்துக்கு மேல பழமையான பொருள் 1972ம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாம அதை வியாபாரம் பண்ணக் கூடாது, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நான் சேர்க்கிறது எல்லாம் பாட்டி, பூட்டி காலத்து வீட்டுச் சாமான். அதுவே போதும்.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

கர்ப்பிணிகள் செக்கப் நடக்கிற நாள். (அவங்க அனுமதியோட எழுதறேன், அடையாளம் தெரியாம சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணு, நாலாவது மாசம், ஹீமோகுளோபின் 8.2. கூட மாமியார் வந்திருந்தாங்க. இரும்புச் சத்து மாத்திரை, சாப்பாடு பத்திப் பேசிட்டிருந்தப்போ மாமியார் சொன்னாங்க: "சோறே எறங்கலம்மா இவளுக்கு. எலுமிச்ச ஊறுகா இருந்தாத்தான் ரெண்டு வாய் துன்றா. எங்க மாமியார் ஜாடியில போட்டது, ஒரு வருசம் ஆனாலும் கெடாது."

எனக்குக் காது நிமிர்ந்துடுச்சு. டாக்டர் காது பாதி, ஜாடி சேர்க்கிறவ காது பாதி. "எப்படி இருக்கும் ஆயா அந்த ஜாடி?"ன்னு கேட்டேன்.

"பச்சை கலர்ல பளபளன்னு கீது. வோணும்னா வந்து பாரு."

சாயங்காலம் போனேன். அழகான ஜாடி. முழங்கை உயரம், தோள்ல கீறின கோடு, பச்சை மெருகு வழிஞ்சு அடியில துளியா நின்னிருந்தது. மெருகு படாத அடிப்பாகத்துல செம்மண் நிறம் தெரிஞ்சது. கடையில பார்த்திருந்தா பேரமே பேசாம வாங்கியிருப்பேன். உள்ளே பாதி அளவுக்கு எலுமிச்சை ஊறுகாய்.

"ஆயா, இந்த ஊறுகாயை அந்தப் பொண்ணுக்குக் குடுக்காதீங்க. நீங்களும் சாப்பிடாதீங்க"ன்னு சொன்னேன்.

"இன்னா டாக்டரம்மா, மண்ணுதானே? இதுல போய் இன்னா வெஷம் கீது?"

நியாயமான கேள்வி. அதுக்குப் பதில்தான் மீதி த்ரெட்.

மண்ணுல பிரச்சினை இல்ல. மேல இருக்கிற கண்ணாடி மாதிரிப் பூச்சுலதான் விஷயம். கிளேஸ்னு சொல்றோமே, அது உண்மையிலேயே கண்ணாடிதான். கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். சுத்தமான மணல் உருக 1700 டிகிரி செல்சியஸ் வேணும். விறகு போட்டு எரிக்கிற கிராமத்துச் சூளை 800, 900 டிகிரியை ஒட்டித்தான் போகும். அந்தச் சூட்டுலயே மணலை உருக்க ஒரு துணைப்பொருள் தேவை. உலகம் முழுக்கக் குயவர்கள் நூத்துக்கணக்கான வருஷமா அதுக்குப் பயன்படுத்தினது காரீயம், அதாவது லெட். மலிவு, சுலபமா உருகும், பளபளப்பும் அருமையா வரும். மெக்சிகோவுல இன்னைக்கும் குழந்தைகள் உடம்புல காரீயம் சேர ஒரு முக்கியமான காரணம் அந்த ஊர் மெருகு மண்பாண்டம்தான்.

இந்த இடத்துல தமிழ் நமக்கு ஒரு குழப்பம் பண்ணுது. ஈயம்னு ஒரே வார்த்தையில ரெண்டு உலோகத்தைச் சொல்றோம். வெள்ளீயம்னா டின். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசறதும், ரசம் வைக்கிற நல்ல ஈயச் சொம்பும் அது. காரீயம்னா லெட். அது விஷம். மலிவுக்காகக் காரீயம் கலந்து ஈயச் சொம்புன்னு விக்கறப்போ ரசத்துல வர்ற ஆபத்தும், காரீய மெருகு போட்ட ஜாடியில ஊறுகாய்க்கு வர்ற ஆபத்தும் ஒண்ணுதான்.

காரீயம் கண்ணாடியோட கண்ணாடியா நல்லா பூட்டிக்கிட்டு இருந்தா பெருசா வெளியே வராது. சூளைச் சூடு குறைஞ்சிருந்தாலோ, கலவை சரியில்லாம போயிருந்தாலோ, மெருகு தேய்ஞ்சு முடி மாதிரி கீறல் விட்டிருந்தாலோ கசியும். பச்சை நிறத்துக்காகச் சேர்க்கிற செம்பு, காரீயக் கசிவை இன்னும் அதிகமாக்கும். எதுல வேகமா கசியும்? புளிப்புல. எலுமிச்சை, மாங்காய், புளி, தயிர், வினிகர்.

ஆய்வகத்துல பீங்கான் பாத்திரத்தைப் பரிசோதிக்க, 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊத்தி 24 மணி நேரம் வச்சுட்டு, எவ்வளவு காரீயம் இறங்கியிருக்குன்னு பார்ப்பாங்க. 24 மணி நேரம்தான். நம்ம எலுமிச்சை ஊறுகாய் அதே வேலையை ஒரு வருஷம் பண்ணுது.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன். 1970ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ்ல கனடாவின் மான்ட்ரியல் நகரத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கையால செஞ்ச ஒரு மெருகு ஜாடியில வீட்டுல ஆப்பிள் ஜூஸ் வச்சிருந்தாங்க. அதைக் குடிச்ச ஒரு சின்னப் பையன் காரீய நச்சால இறந்துபோனான். அதுக்கப்புறம்தான் பல நாடுகள் சாப்பாட்டுப் பாத்திர மெருகைக் கவனமா பார்க்க ஆரம்பிச்சாங்க.

இறந்துபோறது அபூர்வம். சாதாரணமா நடக்கிறது வேற, அதுதான் எனக்குப் பெரிய கவலை. காரீயம் உடம்புல கொஞ்சம் கொஞ்சமா சேரும்போது ஒண்ணுமே தெரியாது, வலிக்காது. கரிகிரியைப் பத்திச் சொன்னேன் இல்லையா, அதே கதை. அளவு ஏறின பிறகு தீராத வயித்து வலி, மலச்சிக்கல், சோர்வு, ரத்த சோகை, சிலருக்கு மணிக்கட்டு தொங்கிப் போறது வரைக்கும் வரும். எல்லாமே வேற நோய் மாதிரியே இருக்கும்.

குழந்தைகளுக்கு ஏன் அதிக ஆபத்து? வயித்துக்குள்ள போற காரீயத்துல பெரியவங்க உடம்பு 10 சதவீதம் அளவுக்கு எடுத்துக்கும்னா, குழந்தை உடம்பு 40, 50 சதவீதம் வரைக்கும் எடுத்துக்கும். வளர்ற மூளையைத் தொடும். கவனக்குறைவு, படிப்புல பின்தங்கறது, கோபம். நாம "சொல்பேச்சு கேக்கல"ன்னு முதுகுல ரெண்டு வைப்போம். பாதுகாப்பான அளவுன்னு எதுவும் கண்டறியப்படலன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. யுனிசெஃப் 2020ல வெளியிட்ட அறிக்கைப்படி, ரத்தத்துல டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ காரீயம் இருக்கிற குழந்தைகள் உலகத்துல 80 கோடி வரைக்கும். அதுல இந்தியக் குழந்தைகள் மட்டும் சுமார் 27.5 கோடி. பேட்டரி, பெயின்ட், கலப்பட மசாலான்னு அதுக்குக் காரணங்கள் பல. பாத்திரமும் அதுல ஒண்ணு.

கர்ப்பிணிகள் விஷயம் இன்னும் சிக்கல். காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்துன்னு ஏமாந்து எலும்பு சேத்து வச்சுக்கும், 20, 30 வருஷம்கூட. கர்ப்பத்துல குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் இறங்கறப்போ கூடவே காரீயமும் இறங்கி, நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும். அதோட, இரும்புச் சத்து குறைஞ்ச உடம்பு காரீயத்தை இன்னும் அதிகமா உறிஞ்சும். உள்ளே போன காரீயம் ரத்தம் உருவாகறதைத் தடுக்கும். இப்போ 8.2ன்னு வந்த அந்தப் பொண்ணு ஊறுகாய் இல்லாம சாப்பிடலன்னு கேட்டப்போ எனக்கு ஏன் தூக்கிவாரிப் போட்டதுன்னு புரியுதா?

தெளிவா ஒண்ணு சொல்லிடறேன். அவங்க ரத்த சோகைக்கு அந்த ஜாடிதான் காரணம்னு நான் சொல்லல. நம்ம ஊர்ல பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவுதான் காரணம், மாத்திரைதான் மருந்து. எல்லாப் பச்சை ஜாடியிலயும் காரீயம் இருக்குன்னும் சொல்லல. பார்த்தாலும் தட்டினாலும் தெரியாது, ஆய்வகத்துல பரிசோதிச்சாத்தான் தெரியும். தெரியாத வரைக்கும் கர்ப்பிணி தட்டுல அது வேண்டாம். அவ்வளவுதான் என் வாதம்.

உங்க வீட்டுல இருக்கிறதை எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

1. மெருகே இல்லாத வெறும் மண் சட்டி, பானை, குடம்: இந்தப் பயம் தேவையில்ல. தாராளமா சமைங்க, தண்ணி ஊத்தி வைங்க.

2. மேல் பாதி பழுப்பு, கீழ் பாதி வெள்ளைன்னு கடையில விக்கற கனமான பீங்கான் ஊறுகாய் ஜாடி: இது பொதுவா ஸ்டோன்வேர். 1200 டிகிரிக்கு மேல சுடறது, அந்தச் சூட்டுக்குக் காரீயம் தேவையே இல்ல. ஊறுகாய்க்கு ஏத்தது. உள்ளே கீறலோ உடைசலோ இருந்தா மாத்திடுங்க.

3. செம்மண் உடம்பு, மேல பச்சை, மஞ்சள், பழுப்புப் பளபளப்பு, எப்போ யார் செஞ்சாங்கன்னு தெரியாத பழசு: சாப்பாட்டுக்கு வேண்டாம், தண்ணிக்கும் வேண்டாம். அடியில மெருகு இல்லாத இடத்துல ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. சட்டுனு உறிஞ்சினா குறைஞ்ச சூட்டுல சுட்ட மண். இது சந்தேகத்தைக் கூட்டுற அடையாளம் மட்டும்தான், தண்ணி உறிஞ்சலன்னா பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல.

4. உள்பக்கம் வண்ணம் தீட்டின பழைய பீங்கான் தட்டு, கப்: ஷோகேஸ்லயே இருக்கட்டும்.

பித்தளை தேய்க்கிற பழக்கத்துல மெருகு ஜாடியையும் புளி போட்டுத் தேய்க்காதீங்க. புளி மெருகை அரிக்கும். வெறும் தண்ணியும் மெத்துனு ஒரு துணியும் போதும். உடைஞ்ச மெருகுச் சில்லை வச்சுக் குழந்தைகளை விளையாட விடாதீங்க. ரொம்ப நாளா இப்படி ஒரு ஜாடியில ஊறுகாய் சாப்பிட்டுட்டு, இப்போ கர்ப்பமா இருந்தாலோ, வீட்டுல சின்னக் குழந்தை இருந்தாலோ டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. ரத்தத்துல காரீய அளவு பார்க்கிற பரிசோதனை இருக்கு. முதல் சிகிச்சை, அது வர்ற வழியை அடைக்கிறதுதான்.

ஆயாகிட்ட இதுல பாதியைத்தான் சொன்னேன். "எங்க மாமியார் 80 வயசு வரைக்கும் இதுலதான் துன்னாங்க, யாருக்கு இன்னா ஆச்சி?"ன்னாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட புத்திசாலித்தனமான பதில் இல்ல. "உங்க மாமியாருக்கு ஒண்ணும் ஆகாம இருந்திருக்கலாம் ஆயா. வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்"னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அந்த ஜாடி அவங்க கல்யாணமாகி வந்தப்போ மாமியார் கையால கொடுத்ததாம். ஊறுகாயைக் கொட்டறது அவங்களுக்குக் குப்பையைக் கொட்டற மாதிரி இல்ல.

கடைசியில கொட்டினாங்க. ஜாடியை எனக்கே கொடுத்துடறேன்னாங்க. எனக்கு ஆசைதான், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நோயாளி வீட்டுப் பொருளைப் பயமுறுத்தி வாங்கிட்டுப் போன டாக்டர்னு ஆகிடும். "உங்க வீட்டுலயே இருக்கட்டும் ஆயா, வாய்ல போடற எதையும் மட்டும் அதுல வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்போ அதுல விசிறி, குடை, பேரனோட கிரிக்கெட் பேட் சொருகி வாசல்ல நிக்குது. ஊறுகாய் பீங்கான் ஜாடிக்கு மாறிடுச்சு. ருசி கொஞ்சம் கம்மின்னு இன்னும் என்கிட்ட புகார் வருது. அந்தப் பொண்ணுக்கு மாத்திரையில ஹீமோகுளோபின் 10 தாண்டிடுச்சு.

பழைய பாத்திரத்தைக் கண்ணால பார்த்து, கையால தொட்டு, கதை கேட்டு ரசிக்கலாம். அதுல சாப்பிட்டாத்தான் பாரம்பரியம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. மண்ணுல சாப்பிடணும்னு ஆசையா இருந்தா அதுக்கு வழி சுலபம். இன்னைக்கு சக்கரம் சுத்திட்டிருக்கிற குயவர்கள் இருக்காங்க. கரிகிரியிலும் இருக்காங்க, உங்க ஊர்ப் பக்கத்துலயும் இருப்பாங்க. பொங்கலுக்கு மட்டும் தேடிப் போகாம, மெருகு இல்லாத புதுச் சட்டி ஒண்ணை நேர்ல போய் வாங்குங்க. மெருகு போட்டது வேணும்னா "காரீயம் கலக்காத கிளேஸா?"ன்னு கேட்டு வாங்குங்க, சந்தேகம்னா பூ வைக்க வச்சுக்குங்க. எத்தனையோ வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவரோட விரல் தடத்தை நான் காசு கொடுத்து வாங்கறேன். உயிரோட இருக்கிறவர் விரலுக்கும் அந்தக் காசு போய்ச் சேரணும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. பரணையும் அடுப்படி அலமாரியையும் ஒரு தடவை பாருங்க. பளபளன்னு ஒரு பழைய ஜாடி இருந்தா, உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பாருங்க. புளிப்பு எதுவும் இருந்தா வேற பாத்திரத்துக்கு மாத்த வேண்டாம், கொட்டிடுங்க. ஜாடியை மட்டும் கழுவித் துடைச்சுக் கண்ணுல படற இடத்துல வைங்க.


பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு அரசு மருத்துவர்